பெட்போர்ட் லொறியின் வானொலி

பழையதைப் பழுதுபார்த்தல், பழையதைப் புதுக்குதல் என நாம் வேறுபாடின்றி வழங்கும் இவ்விரண்டும் ஒரே தொழிலல்ல. ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்கள் இதனை நன்கறிவர். உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சேற்றியபோது, ஏடு சிதைந்த இடங்களிற் புள்ளிகளை இட்டு வெற்றிடமாகவே விட்டார். 267-ஆம், 268-ஆம் பாட்டுக்கள் கிடைக்கவில்லை. கிடைக்காத பாட்டுக்களுக்கும் எண்ணை வைத்துவிட்டு மேலே சென்றார். அவ்விடங்களைத் தம் செய்யுளால் நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமலில்லை. நிரப்பியிருந்தால் நூல் முழுமையாகத் தோன்றியிருக்கும். ஆயின் அது புறநானூறாக இருந்திராது.

இதற்கும் ஒரு லொறி வானொலிக்கும் என்ன தொடர்பென வாசகர் வினவலாம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குச் செல்லும் வீதியோரத்தில் என் பழைய மாணவரொருவர் மோட்டார் வாகனங்களைத் திருத்தும் கராச் ஒன்றை நடத்திவருகிறார். வகுப்பில் நன்னூல் என்றால் முகஞ்சுளித்தவர். இப்போது பழைய வானொலிப் பெட்டிகளின் உள்ளுறுப்புக்களை நன்னூற் சூத்திரம்போல் ஒப்பிக்கிறார். சென்ற ஆண்டு அவரிடம் ஒரு பெட்போர்ட் லொறி வந்தது. மூக்கு நீண்ட பழைய வகை. அதன் முன்பலகையில் ஒரு வானொலி இருந்தது. அதனை என்ன செய்வதென்பதில் மூவருக்கிடையே எழுந்த வழக்கைத் தீர்த்துவைக்குமாறு என்னை அழைத்தனர். பண்டிதனை எதற்கெல்லாம் அழைப்பார்கள் என்பதற்கு ஓர் அளவில்லை.

பெட்போர்ட் என்னும் பெயர் 1931-இல் இங்கிலாந்தில் வொக்ஸோல் நிறுவனத்தாரால் லொறிகளுக்கு இடப்பட்டது. அந்நிறுவனம் அதற்கு ஆறாண்டுகள் முன்னரே அமெரிக்க ஜெனரல் மோட்டோர்ஸ் கைக்குப் போயிருந்தது. மலையகத் தோட்டங்களில் தேயிலைப் பெட்டியும் கொக்கோவும் மிளகும் ஏற்றிய லொறிகளுள் இவ்வகைக்குத் தனியிடம் உண்டு. எங்கள் லொறி 1950-களின் தொடக்கத்தில் இலங்கை வந்தது. மாத்தளையில் வாசனைத் திரவிய வணிகம் செய்த முதலாளி ஒருவர் அதனை வாங்கினார். லொறியில் வானொலி பூட்டுதல் அக்காலத்தில் வழக்கமன்று. அவர் பாட்டுப் பித்தர். மோட்டார்க் காருக்கென இங்கிலாந்திற் செய்த வானொலியொன்றை வரவழைத்துப் பூட்டினார். செய்தவர் பெயரை இங்கே சொன்னால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

லொறியை ஓட்டியவர் இன்று எண்பதைக் கடந்த முதியவர். 1960-களிலிருந்து மாத்தளை, நாவுல, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா என்று யாழ்ப்பாணம் வரை முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான வழியை இதில் ஓடித் தேய்த்தவர். போகும்போது மிளகும் கொக்கோவும். வரும்போது வெங்காயமும் புகையிலையும். இதே வடபாதையின் வழியாகத்தான் கோப்பிக் காலத்திலே தமிழகத்துத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கிக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியில் மாண்டோர் பலர். அவர்தம் பேரன்மார் அதே வழியில் வானொலி கேட்டுக்கொண்டு லொறியோட்டினர் என்பது வரலாற்றின் ஒரு திருப்பம்.

அவ்வானொலி எதைக் கேட்டது? இலங்கையில் வானொலி பிறந்த கதையே பழுதுபார்த்தற் கதைதான். தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர், முதல் உலகப்போரிற் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு ஒலிபரப்பி ஒன்றை அமைத்தார் என்பர். அச்சோதனைகளின் பயனாக 1925 டிசெம்பர் 16-இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது, பி.பி.சி. தொடங்கி மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. அடுத்த போரும் நமக்கொரு பெட்டியை விட்டுச்சென்றது. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944-இல் பேராதனைக்கு வந்தது. படையினருக்கெனத் தொடங்கிய வானொலிக்காக ஏகலையில் அமைந்த 100 கிலோவாற்று ஒலிபரப்பி போரின் பின் இலங்கையின் கைக்கு வந்தது. 1950-இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பிறந்தது. இரண்டாண்டுகள் கழித்து இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாட்டை ஒடுக்கியபோது, பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்த காதுகளெல்லாம் கொழும்பை நோக்கித் திரும்பின. எஸ். பி. மயில்வாகனனின் குரலைக் கேட்கத் தமிழகத்துத் தேநீர்க் கடைகளிற் கூட்டம் கூடிய காலம் அது. அந்நிலையம் 1967-இற் கூட்டுத்தாபனமாயிற்று. நான் பிறந்து வளர்ந்த காலத்தில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்னும் நீண்ட பெயரோடு எங்கள் வீட்டு அலுமாரியின் மேலிருந்து பேசியது. பெயர் எவ்வளவு நீண்டாலும் மக்கள் அதனைச் 'சிலோன் றேடியோ' என்றே சொன்னார்கள்.

முதியவருக்கு அப்பெட்டி பாட்டுப்பெட்டி மட்டுமன்று. 1983 யூலை இறுதியில், வெங்காய மூட்டைகளோடு வவுனியாவைக் கடந்து தெற்கே வந்துகொண்டிருந்தார். பாட்டு நின்றது, ஊரடங்குச் சட்ட அறிவித்தல் வந்தது. லொறியைத் திருப்பி வவுனியாவுக்கே போய்விட்டார். அவர் போய்ச் சேர்ந்திருக்கவேண்டிய மாத்தளையிலே தமிழர் கடைகள் எரிந்தன. முதலாளியின் கடையும் கிட்டங்கியும் அவற்றுள் அடங்கும். பல நாட்கள் கழித்து வந்தபோது சாம்பல்தான் இருந்தது. முதலாளி திருச்சிக்குப் புறப்படுமுன், கொடுக்கவேண்டிய சம்பளப் பாக்கிக்கு ஈடாக லொறியை அவருக்கே எழுதிக்கொடுத்தார்.

"அந்தப் பொட்டி அன்னைக்கி வாயத் தொறக்கலன்னா, மாஸ்டர், நான் இன்னைக்கி இல்ல" என்று அவர் சொன்னபோது குரலில் எவ்வித உணர்ச்சி மாற்றமும் இருக்கவில்லை. நாள்தோறும் சொல்லிப் பழகிய வாக்கியம் போலும்.

சில ஆண்டுகளின் பின் வானொலி ஊமையாயிற்று. அதன்பின் லொறியும் ஒரு கொட்டிலில் தார்ப்பாய்க்குள் அடங்கியது. இப்போது அதனை எடுத்துத் திருமண ஊர்வலங்களுக்கும் படப்பிடிப்புக்களுக்கும் வாடகைக்கு விடலாமென்பது பேரனுடைய எண்ணம். பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு யப்பானிய டீசல் எஞ்சினைப் பூட்டியாயிற்று. அதனை முதியவர் தடுக்கவில்லை. எஞ்சின் மாற்றுவது லொறிக்காரருக்குச் சட்டை மாற்றுவது போல. வானொலிக்கு வந்தபோதுதான் வழக்குத் தொடங்கியது.

பேரன் சொன்னார்: முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளேயிருப்பதை அள்ளி வெளியே போட்டு, பண்பலையும் புளுடூத்தும் உள்ள சிறு பலகையொன்றை வைத்துவிடலாம். வெளிநாடுகளிற் பழைய வாகனங்களுக்கென்றே அத்தகைய பலகைகள் விற்கப்படுகின்றன. என் மாணவர் சொன்னார்: உள்ளுறுப்புக்களைத் திருத்தி அப்படியே பாட வைக்கலாம், ஆனால் காலம் செல்லும். முதியவர் சொன்னது ஒன்றே: "பாட்டு வர்றதுக்கு முந்தி அது இரையும். அந்த இரைச்சல் வரணும்."

அந்த இரைச்சல் எதுவெனச் சொன்னால் விஷயம் விளங்கும். பழைய வானொலிகள் வால்வுகளால் இயங்குபவை. கண்ணாடிக் குமிழுக்குள் சூடேறிய ஒரு தகட்டிலிருந்து மின்துகள்கள் புறப்பட்டு மற்றொரு தகட்டை அடையவேண்டும்; அவற்றை இழுக்க இருநூறு வோல்ற்றளவு அழுத்தம் வேண்டும். லொறிப் பற்றறியில் உள்ளதோ பன்னிரண்டு வோல்ற்று. அதனை உயர்த்தும் நிலைமாற்றி, மாறாது ஒரே திசையிற் பாயும் மின்னோட்டத்தை ஏற்காது. விட்டு விட்டு வருவதையே ஏற்கும். ஆகவே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தகரக் குவளைக்குள் ஓர் எஃகு நாக்கை வைத்தனர். அந்நாக்கு நொடிக்கு நூறு தடவையளவில் இருபுறமும் துடித்து மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடும். இதற்கு ஆங்கிலத்தில் வைபிறேற்றர் என்று பெயர். அதிர்வி என நாம் சொல்லலாம். வானொலியை முடுக்கியதும் அதிர்வி வண்டுபோல முரலும். வால்வுகள் சூடேற அரை நிமிடம் வரை ஆகும். அதுவரை முரற்சி மாத்திரமே, பின்னரே பாட்டு. 1950-களின் நடுப்பகுதியில் றான்சிஸ்ரர் வந்ததும் வானொலி பற்றறியின் தாழ்ந்த அழுத்தத்திலேயே பேசத் தொடங்கியது; அதிர்வி வேலையிழந்தது.

பேரன் சொன்ன வழியிற் போனால் இரைச்சல் வராது. அவர் கட்சியிலும் நியாயம் இல்லாமலில்லை. இப்பெட்டி மத்திய அலையையும் நெட்டலையையும் மாத்திரமே ஏற்பது. இன்று நம்நாட்டு வானொலிகளிற் பெரும்பாலானவை பண்பலையில் வாழ்கின்றன. கேட்பதற்கு எதுவுமில்லாத வானொலியைத் திருத்துவதேன் என்று அவர் கேட்டார். வாசிப்பாரில்லாத நூலைப் பதிப்பிப்பதேன் என்று என்னையே கேட்டவர்கள் உண்டு. ஆதலால் எனக்கு அவ்வினா புதிதன்று.

நான் சொன்ன தீர்ப்பு இதுதான். மூலம் வேறு, உரை வேறு. மூலத்தை மூலமாகவே திருத்துக. புதியது வேண்டுமாயின் அதனை உரைபோல் வெளியே வைக்க. வேண்டாதபோது எடுத்துவிடக் கூடியதாக, பெட்டியில் ஒரு துளைகூடப் புதிதாக இடாமல் வைக்க. முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே வேறொன்றைத் திணிப்பது, பழைய நூற்பெயரை அட்டையிலிட்டுத் தன் செய்யுளை உள்ளே அச்சிடுவது போன்றது.

வேலை தொடங்கியது. பழைய பெட்டியைக் கண்டவுடன் பற்றறியைக் கொடுத்துப் பார்க்கும் அவசரமே பலவற்றைக் கொன்றிருக்கிறது என்று என் மாணவர் சொன்னார். முதலில் வயர்கள். இறப்பர் உறை தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. இருநூறு வோல்ற்று ஓடும் இடத்தில் அதனை விட்டுவைப்பது பக்தியன்று, மடமை. ஏடெழுதியோன் பிழையை அப்படியே அச்சிடுவோனை நல்ல பதிப்பாசிரியன் என்று எவரும் சொல்வதில்லை. வயர்கள் அனைத்தும் மாற்றப்பட்டன.

அடுத்து, றேடியோக்காரர் கண்டென்சர் என்பவை. அக்காலத்துக் கண்டென்சர்கள் கடதாசியும் தகடும் சுற்றி மெழுகிட்டவை. ஐம்பதாண்டு ஈரத்தில் அவை கசியத் தொடங்கிவிடும். குறிப்பாகக் கடைசி வால்வுக்கு ஒலியைக் கொண்டுசெல்லும் கண்டென்சர் கசிந்தால், போகக்கூடாத அழுத்தம் அவ்வால்வின் வலையிற் போய் ஏறும். வால்வு அளவுக்கு மீறிச் சூடேறித் தானும் கெட்டு, பக்கத்திலிருக்கும் நிலைமாற்றியையும் எரித்துவிடும். ஒரு காசு பெறாத உறுப்பு, கிடைத்தற்கரிய உறுப்பைக் கொல்லும். கொழும்பு முதலாங் குறுக்குத் தெருவிலிருந்து புதிய கண்டென்சர்கள் வந்தன. அவை மஞ்சள் நிறத்தில் சுண்டுவிரல் நகமளவு இருந்தன. பழைய மெழுகுக் குழாய்களைக் குடைந்து புதியவற்றை உள்ளே ஒளித்துவைத்து மீண்டும் மெழுகு வார்ப்பது திருத்துவோரிடையே ஒரு வழக்கம். என் மாணவருக்கும் அதில் ஆசை. எனக்கு உடன்பாடில்லை. மாற்றியது மாற்றியதாகத் தெரியட்டும் என்றேன். இதிலே நாங்கள் இரண்டு மாலைகள் வாதாடினோம். இறுதியில் மஞ்சள் வென்றது. அவர் இன்னும் முழுமனதோடு ஒப்பவில்லை.

வால்வுகளின் பெயரைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பிய வால்வுப் பெயர்கள் வெறும் இடுகுறியல்ல, காரணப்பெயர்கள் என அறிந்தபோது எனக்குண்டான மகிழ்ச்சியைச் சொல்லாதிருக்க முடியவில்லை. 'ஈ.எல். 41' என்பதில் 'ஈ' என்பது சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ற்று வேண்டும் என்பதைக் காட்டும். 'எல்' என்பது ஒலிபெருக்கியை இயக்கும் வலிய ஐம்முனை வால்வு என்பதைக் காட்டும். நாற்பதில் தொடங்கும் எண் அதன் அடிப்பாகம் எவ்வகைத்து என்பதைச் சொல்லும். பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்துப் பார்க்கும் நமக்கு இது கைவந்த கலையல்லவா? 'ஈ.இசட். 40' என்றவுடன், இது மாறுமின்னை ஒருதிசைப்படுத்துவது என்று நானே சொன்னேன். மாணவர் சிரித்தார். இழைகள் 6.3 வோல்ற்றுக்குரியவை, லொறியோ 12 வோல்ற்று. அதனால் அவற்றை இரண்டிரண்டாகத் தொடுத்து, சமன் செய்யவேண்டிய இடத்தில் ஒரு தடையையும் சேர்த்திருந்தனர்.

ஐந்து வால்வுகளில் நான்கு உயிரோடிருந்தன. ஈ.எல். 41 இறந்துவிட்டது. வேறு அடிப்பாகமுள்ள, எளிதிற் கிடைக்கும் வால்வொன்றை மாற்றிப் பொருத்தலாம். அதற்குத் தாங்கியைக் கழற்றித் துளையைப் பெருப்பிக்கவேண்டும். பொறுத்திருப்போம் என்று முதியவரே சொல்லிவிட்டார். குறிஞ்சிப்பாட்டு ஏட்டில் மலர்ப்பெயர் சில உதிர்ந்திருக்கக் கண்ட ஐயரவர்கள், தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் காணும்வரை தேடிய வரலாற்றை அவருக்குச் சொன்னேன். "அவரு பெரிய மனுசன், பொறுத்தாரு. எனக்கு வயசாகுதே" என்றார். நான்கு மாதங்களின் பின் ஐரோப்பாவிலிருந்து ஒரு பழைய, பயன்படுத்தாத ஈ.எல். 41 தபாலில் வந்தது. அட்டைப்பெட்டி நைந்திருந்தது, கண்ணாடி நைந்திருக்கவில்லை.

அதிர்வியே நெஞ்சம். அதன் தகரக் குவளையைத் திறந்து பார்த்தபோது முனைகளில் கறை படிந்திருந்தது, நாக்கு ஒடிந்திருக்கவில்லை. நெடுங்காலம் ஓடாமலிருக்கும் அதிர்விக்கு வரும் நோய் இதுவே. மெல்லிய தாளால் முனைகளைத் துடைத்து, இடைவெளியை அளந்து சரிசெய்தார். நிலைமாற்றிக்குக் குறுக்கே நின்று பொறியைத் தணிக்கும் கண்டென்சர் ஒன்றுண்டு. அது பழையதாக இருந்தால் துடைத்த முனைகள் மீண்டும் கருகும். அதையும் மாற்றினார். அதிர்வி வேலை செய்யும் அதே தாங்கியிற் செருகக்கூடிய, றான்சிஸ்ரர்களால் ஆன ஓசையற்ற மாற்றுறுப்பு ஒன்றையும் செய்து லொறியின் கருவிப் பெட்டிக்குள் வைத்தார். வழியில் நாக்கு ஒடிந்தால் அது உதவும். இரைச்சல் வேண்டும் என்ற வழக்கு இருக்கும்வரை அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

பழைய ஆங்கில வாகனங்கள் பலவற்றில் பற்றறியின் நேர்முனையை உடலோடு இணைப்பது வழக்கம். புதிய எஞ்சினைப் பூட்டியவர்கள் இன்றைய வழக்கப்படி எதிர்முனையை உடலோடு இணைத்துவிட்டனர். றான்சிஸ்ரர் வானொலியாயின் இம்மாற்றம் அதனைக் கணத்திற் கொன்றிருக்கும். இப்பெட்டியில் ஒருதிசைப்படுத்துவது தனி வால்வு. அதிர்வி எத்திசையில் வந்தாலும் வெட்டும். ஆகவே ஆபத்தில்லை. ஆனால் அவர் செய்த றான்சிஸ்ரர் மாற்றுறுப்புக்குத் திசை உண்டு. அதன்மேல் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறார். டீசல் எஞ்சினால் ஒரு நன்மையும் விளைந்தது. பெற்றோல் எஞ்சினின் தீப்பொறி ஒவ்வொன்றும் வானொலியிற் சடசடவென்று ஒலிக்கும். அதனை அடக்கத் தனியே தடைகளும் கண்டென்சர்களும் பூட்டவேண்டும். டீசலில் தீப்பொறியே இல்லை. எஞ்சின் பெருஞ்சத்தமிடுகிறது, வானொலிக்குள் அமைதி.

ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பைக் கரப்பான் தின்றிருந்தது. மெல்லிய தாளும் பசையும் கொண்டு ஒட்டினார். செல்லரித்த ஏட்டைச் செப்பனிடும் முறைதான். இதனை நான் அவருக்குக் காட்டிக்கொடுத்தேன் என்பதைச் சற்றுப் பெருமையோடு எழுதுகிறேன்.

பேரனுக்கும் பங்கு கிடைத்தது. பண்பலையும் புளுடூத்தும் உள்ள சிறு பெட்டியொன்று இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதன் ஒலி ஒரு கண்டென்சர் வழியாகப் பழைய பெட்டியின் ஒலிக் கட்டுப்பாட்டுக்குப் போகிறது. அங்கிருந்து பழைய வால்வுகளே அதனைப் பெருக்கிப் பாடுகின்றன. ஒரு சிறு ஆளியைத் தட்டினால் மூலம். மறுபுறம் தட்டினால் உரை. இரண்டு வயரைக் கழற்றினால் லொறி முன்போலாகும். மலைப்பாதையில் இவ்விரண்டின் குணமும் தெரிந்தது. றிவஸ்டன் உச்சியிலே தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. ஆயினும் இரத்தோட்டைக்கு மேலே சில வளைவுகளில், மலை குறுக்கிட்டதும் பண்பலை அறுந்து அறுந்து வரும். அவ்வலை நேர்கோட்டிற் செல்ல விரும்புவது. மத்திய அலை நிலத்தையொட்டி மலையைச் சுற்றி வரவல்லது. பகலிற் கேட்கத்தான் ஒன்றுமில்லை, வெறும் சீறல்.

பொழுது சாய்ந்தால் நிலைமை வேறு. பகலில் வானின் கீழ்ப்படலம் ஒன்று மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. ஞாயிறு மறைந்ததும் அப்படலம் கலைய, அலைகள் மேற்படலத்தைத் தொட்டுத் திரும்பி நெடுந்தொலைவில் இறங்கும். முதற்சோதனையை இரவு எட்டு மணிக்கு வைத்தோம். என் மாணவர் ஆளியைத் திருப்பினார். முதலில் அம்முரற்சி. முதியவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தார். இரு கைகளும் வளையத்தின்மேல் இருந்தன. அரை நிமிடத்தின் பின் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு தமிழ்க் குரல் வந்தது. செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஏறியும் இறங்கியும் கேட்டது. பேரன் கைபேசியில் அதனைப் படம்பிடித்தார். முதியவர் சிறிது நேரம் கேட்டார். "போதும், நிப்பாட்டு தம்பி. பெட்றி எறங்கிடும்" என்றார்.

கழற்றிய உறுப்புக்கள் யாவும் ஒரு பிஸ்கற் தகரத்தில் இடப்பட்டு முதியவரிடம் கொடுக்கப்பட்டன. எந்த உறுப்பு எந்நாளில் எதனால் மாற்றப்பட்டது என்ற விவரத்தை ஓர் அட்டையில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறோம். எழுத்து என்னுடையது, மாணவரின் எழுத்தை நான் முன்பே அறிவேன்.

ஒன்று மாத்திரம் குறை. முகப்பில் இருந்த இரண்டு தந்தநிறக் குமிழ்களில் வலப்புறத்துக் குமிழைக் காணவில்லை. அச்சில் வார்த்துத் தருவதாகக் கண்டியில் ஒருவர் சொன்னார், இப்போதைக்கு வேண்டாமென்றோம். வெறும் பித்தளைத் தண்டு நிற்கிறது. நிலையம் பிடிக்க அதையே திருகவேண்டும். தோட்டத்துப் பழைய கார்க் கொட்டில்களில் அத்தகைய குமிழொன்று, விளிம்பில் மெல்லிய வரி ஓடியது, யாரிடமாவது கிடந்தால், இரத்தோட்டை வீதியில் அந்த லொறி நிற்கும் கராச்சை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.